மாடியில் ஒட்டிய வீடு

அன்பு மகள் வாயாடிக்கு,

இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, சண்டை போட்டாலும் சீக்கிரம் முடித்துக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். வாரா வாரம் போனில் பேசுகிறோமே, இந்த அம்மாவுக்குத் திடீரென்று கடிதம் எழுதும் ஆசை எங்கிருந்து வந்தது என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா உடனே ஸ்பீக்கரைப் போட்டு, பக்கத்தில் நாற்காலியையும் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. இதை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று சொன்னால் சிரிப்பாய். நம் துணி அலமாரிக்குள் முக்காலியைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, டார்ச்சைக் கழுத்தில் மாட்டி எழுதுகிறேன். நான் உள்ளே ரெக்கார்டிங் செய்வதாக நினைத்து உன் அப்பா வெளியே பூனை மாதிரி நடந்துகொண்டிருக்கிறார். சற்றுமுன் அவருக்குத் தும்மல் வந்துவிட்டது, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை ஓடிப்போய்த் தெருவில் நின்று தும்மிவிட்டு வந்தார். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் உண்மையைச் சொல்லி வெளியே வர மனமில்லை.

வீட்டுக்காரர் இந்த வீட்டை விற்றுவிட்டார் என்பதும், வாங்கியவர் இடித்துக் கட்டப்போகிறார் என்பதும் உனக்குத் தெரியும். உன் அப்பா பார்த்து வைத்திருக்கும் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு. ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை, அதோடு ஒரு குட்டி அறை. குடிபோக இன்னும் நாள் கிடக்கிறது. வேறு யாராவது என்றால் கடைசி வாரத்தில் நாலு அட்டைப்பெட்டியை வாங்கிப்போட்டு எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு போயிருப்பார்கள். உன் அப்பாவிடம் அது நடக்குமா. நாடகக் கம்பெனியில் காலமெல்லாம் செட் போட்டவர், ஒத்திகை பார்க்காமல் பல்கூடத் தேய்க்க மாட்டார். சாமான் ஏற்றும் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, காட்சி மாறும்போது மேடையில் சாமான் மாற்றுகிற மாதிரி ஒருவர் சோபாவோடு நுழையும்போது இன்னொருவர் மேசையோடு வெளியேற வேண்டும், யாரும் யாரோடும் பேசக்கூடாது, வெறுங்கையோடு வந்து ஒரு தடவை நடந்து பாருங்கள் என்றார். அந்த மனிதர் தலையை ஆட்டிவிட்டுப் போனவர் போனவர்தான், இன்றுவரை போனை எடுக்கவில்லை. வேறு வண்டிக்காரரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இந்தத் தடவை நான் பேசுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இதெல்லாம் சில்லறை. பெரிய கூத்து மொட்டை மாடியில் நடக்கிறது. புது வீட்டை ஒருநாள் அவர் மட்டும் போய்ப் பார்த்து அளந்துகொண்டு வந்தாரல்லவா, வந்த கையோடு வெள்ளை டேப்பை வாங்கி, அந்த வீட்டை அப்படியே அதே அளவில் நம் மாடித் தரையில் ஒட்டிவிட்டார். ஒத்திகைக் கூடத்தில் செட் வருவதற்கு முன் தரையில் டேப் ஒட்டி, இது சுவர், இது கதவு என்று நடிகர்களைப் பழக்குவாரே, அதே வித்தைதான். நீ சின்னப் பிள்ளையில் அந்தக் கோடுகளுக்குள் பாண்டி ஆடி அவரிடம் திட்டு வாங்கியிருக்கிறாய். இப்போது அந்தத் திட்டு எனக்கு. காலை டீயை நாங்கள் புது வீட்டில்தான் குடிக்கிறோம், அதாவது மாடியில் வெறும் வெயிலில். வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். இல்லாத கைப்பிடியைத் திருக வேண்டும். ஒருநாள் கால் வலிக்கிறதே என்று நீட்டினேன், என் கால் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டதாம், அந்த வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று முகத்தைச் சுளித்தார். உன் சித்தப்பா வந்திருந்தபோது விஷயம் தெரியாமல் படியேறி நேராக ஹாலுக்குள் நடந்து வந்துவிட்டார். சுவர் வழியாக வந்திருக்கிறாயே, நீ என்ன பேயா என்று உன் அப்பா அவரைத் திருப்பி அனுப்பி, வாசலில் நின்று மணி அடிக்க வைத்துத்தான் உள்ளே விட்டார். சித்தப்பாவும் லேசுப்பட்டவரா, காற்றில் விரலை வைத்து அழுத்தி, கரண்ட் இல்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியிலேயே நின்றார். எதிர்வீட்டுக் கண் டாக்டர் இருக்கிறாரே, அவர் தினமும் காலையில் பால்கனியில் நாற்காலி போட்டுவிடுகிறார். முதல் நாள் மட்டும் எங்கள் இரண்டு பேரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். அப்புறம் கேட்கவில்லை, பிஸ்கட்டோடு வந்து உட்கார்ந்து பார்க்கிறார்.

இனி நீ போன மாதம், உன் அப்பா குளிக்கப்போன நேரம் பார்த்து என்னிடம் மட்டும் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இரண்டு பேரும் அங்கேயே இருந்துவிடுவதாக முடிவு செய்துவிட்டீர்கள், திரும்பி வரும் எண்ணம் இனி இல்லை, வீடுகூடப் பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள். அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்றாய். நானும் சரி என்றேன். இன்றுவரை சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று நீயே பார். மாடியில் டேப் ஒட்டியதும் உன் அப்பா முதலில் தூக்கிக்கொண்டு போனது எங்கள் கட்டிலை அல்ல, உன் மடக்குக் கட்டிலை. அதைக் கொண்டுபோய்க் குட்டி அறைக்கான கோட்டுக்குள் விரித்துப் போட்டார். இது அவள் அறை, தோட்டத்துப் பக்கம் ஜன்னல், நன்றாகத் தூங்குவாள் என்றார். எப்போது வருகிறாய் என்று கேட்கும்போதெல்லாம் பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லி வந்தாயே, அந்தப் பார்க்கலாமை அந்த மனிதர் ரிசர்வேஷன் மாதிரி பத்திரமாக வைத்திருக்கிறார்.

இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. அந்தக் குட்டி அறை எனக்கு வேண்டும். வெட்கப்படாமல் எழுதிவிட்டேன் பார். நான் கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து கொடுப்பது உனக்குத் தெரியும். அந்தப் பதிவுகளை வாங்கிக்கொள்ளும் ஸ்டூடியோக்காரப் பெண் இப்போது ஒரு பெரிய நாவலைக் கொடுக்க நினைக்கிறாள், பாகம் பாகமாகப் போகும் கதை, கடையில் வைத்து விற்கப்போகிறார்களாம், அட்டையில் வாசித்தவர் என்று என் பெயரும் வருமாம். நம் கம்பெனியில் நான் செய்த வேலை என்ன, மேடை ஓரத்தில் திரைக்குப் பின்னால் நின்று, மறந்துபோனவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுத்தேன். எல்லா நாடகமும் எனக்கு மனப்பாடம், ஆனால் என் குரல் முதல் வரிசைக்குக் கேட்டுவிட்டால் அன்று எனக்குத் திட்டு விழும். இந்த வயதில் ஒருத்தி வந்து சத்தமாகப் படியுங்கள் என்கிறாள், எனக்கு எப்படி இருக்கும். ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் புது வீட்டில் இந்த மாதிரி ஆள் உட்காரும் அலமாரி இல்லை, வெறும் சுவர்த்தட்டுகள்தான். குடிபோனதும் அந்தப் பெண் வந்து இடத்தைப் பார்ப்பாளாம். எதிரொலியோ வெளிச்சத்தமோ இருந்தால் நாவல் வேறு ஆளுக்குப் போய்விடும். நான் வாய் சும்மா இருக்காமல், தோட்டத்துப் பக்கம் அமைதியான அறை ஒன்று தயாராக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு வாக்கியம், அவள் வரமாட்டாளாம் என்று சொன்னால் போதும், அறை என் கைக்கு வந்துவிடும். அதற்காகவே என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு அறை வேண்டியிருக்கும்போது நான் அதைச் சொன்னால் அது என்ன நியாயம், சொல்லு. ஆகையால் நியாயத்தை விட்டுவிட்டுத் திருட்டில் இறங்கினேன். உன் அப்பா காலையில் நடக்கப் போவார் அல்லவா, அவர் தெருமுனை திரும்பியதும் நான் மாடிக்குப் போய், குட்டி அறைக்கும் ஹாலுக்கும் நடுவே இருக்கும் டேப்பைக் கவனமாக உரித்து, ஒரு விரற்கடை உள்ளே தள்ளி ஒட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி இறங்கி வந்து டீ போடுவேன். மறுநாள் இன்னொரு விரற்கடை. கட்டில் கொள்ளாது என்று ஆகிவிட்டால் அவரே அறையை எனக்குக் கொடுத்துவிடுவார், யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது, இதுதான் என் திட்டம். கொஞ்ச நாளில் கட்டில் கால் கோட்டுக்கு வெளியே வந்துவிட்டது. உன் அப்பா இஞ்சு டேப்பை எடுத்து அளந்தார், தலையைச் சொறிந்தார், மறுபடி அளந்தார். இஞ்சு டேப் பழசாகி இழுபட்டுவிட்டது என்று புதுசு வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிலைக் குறுக்கே போட்டுப் பார்த்தார், கொண்டது. நான் அடுத்த சுவரில் கை வைத்தேன்.

கண் டாக்டர் காய்கறிக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். உங்கள் வீடு தினமும் காலையில் சுருங்குகிறதே, பார்வைக் கோளாறு எனக்கா உங்கள் வீட்டுக்கா என்றார். டாக்டர் ஊரார் கண்ணைத்தான் பார்க்க வேண்டும், சொந்தக் கண்ணுக்கு இவ்வளவு வேலை கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத் தக்காளியைப் பொறுக்கினேன். சிரித்தபடியே போய்விட்டார், காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் என் சிரிப்பு அடுத்த நாளே போய்விட்டது. கட்டில் இரண்டு பக்கமும் கொள்ளவில்லை என்று ஆனதும் உன் அப்பா என்ன செய்வார் என்று நினைத்தாய், அறை கொடுப்பார் என்றா. கீழே போய் ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். தலைமாட்டுப் பக்கம் அரை அடி அறுத்துவிடலாம், எப்படியும் காலை மடக்கிக்கொண்டுதானே தூங்குவாள் என்றார். நான் ரம்பத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு, இருக்கட்டும், சாவி வாங்கி நேரில் பார்த்துவிட்டு அறுக்கலாம் என்றேன். சொல்லிவிட்டு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

போன வாரம் புது வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்தார், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். உன் அப்பாவுக்குப் பிடிபடாத சந்தோஷம். வாசலைத் திறந்து, கண்ணை மூடிக்கொள், மாடியில் நடந்த மாதிரியே நடந்து சமையலறைக்குப் போ, கண்ணைத் திறக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டால் ஒத்திகைக்குப் பலன் கிடைத்தது என்று அர்த்தம் என்றார். நானும் நம்பிக்கையோடு கண்ணை மூடி, நாலு எட்டு வைத்து, வலது பக்கம் திரும்பி, விறுவிறுவென்று நடந்து சுவரில் மோதினேன். மூக்கு தப்பியது, மூக்குக்கண்ணாடி தப்பவில்லை. கண்ணைத் திறந்தால் சமையலறை இடது பக்கம் இருக்கிறது. குளியலறை அதற்கு எதிரில். எல்லாமே மாறிக் கிடக்கிறது, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. கட்டியவன்தான் தப்பாகக் கட்டிவிட்டான் என்று உன் அப்பா முதலில் சொல்லிப் பார்த்தார். அப்புறம் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என்ன நடந்தது தெரியுமா, மேடையில் வலது இடது என்றால் நடிகன் பார்வையாளர்களைப் பார்த்து நிற்கும்போது அவனுக்கு எது வலதோ அதுதான் வலது. அந்தப் பழக்கத்தில் இவர் அளக்க வந்த அன்று உள்சுவர் ஓரமாக நின்று, வாசலைப் பார்த்தபடி, வலது பக்கம் சமையலறை, இடது பக்கம் குட்டி அறை என்று மனதில் வாங்கிக்கொண்டுவிட்டார். மாடியில் ஒட்டும்போது வாசலில் ஆரம்பித்து, உள்ளே நடந்துகொண்டே ஒட்டிவிட்டார். வீடு முழுக்க இடம் வலம் மாறிவிட்டது, நாங்களும் இத்தனை நாளாகத் தலைகீழ் வீட்டில் டீ குடித்திருக்கிறோம். காலமெல்லாம் ஒரு கதவுகூட மாற்றி வைக்காத மனிதர், சொந்த வீட்டில் போய் இப்படி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

ஆனால் என் சிரிப்புக்கும் அங்கேயே தண்டனை காத்திருந்தது. இடம் வலம் மாறினால் குட்டி அறையும்தானே மாறும். தோட்டத்துப் பக்கம் இருப்பது பெரிய படுக்கையறை. குட்டி அறை லிஃப்டை ஒட்டி இருக்கிறது, அவர் அளக்க வந்த அன்று லிஃப்ட் ஓடவில்லையாம். உள்ளே போய் நின்றோம், யாரோ மேலே போனார்கள், சுவர் முழுக்கக் கடகடவென்று அதிர்ந்தது, அப்புறம் ஒரு டங், அப்புறம் கதவு திறந்து ஒரு பெண்மணி யாரிடமோ பேசிக்கொண்டு போகும் சத்தம், ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. தினமும் காலையில் உட்கார்ந்து விரற்கடை விரற்கடையாக நான் திருடியது இந்த அறையைத்தான். உன் அப்பா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இந்தச் சத்தத்துல அவ எப்படித் தூங்குவா?" என்றார்.

"இந்தச் சத்தத்துல நான் எப்படிப் படிப்பேன்?" என்று என் வாய் சொல்லிவிட்டது. யாரும் எடுத்துக்கொடுக்காமல் தானாகவே வந்துவிட்டது. உன் அப்பா திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். கோபப்படவில்லை. டேப்பை நகர்த்தியது தெரியும் என்றார், முதல் நாளே தெரியுமாம். ஒட்டியவனுக்குத் தெரியாதா, என் டேப்பில் ஒரு சுருக்கம் இருக்காது, நீ ஒட்டியதில் எறும்பு புகுந்து போகிற மாதிரி மடிப்பு என்றார். பிறகு எதற்கு இஞ்சு டேப் வாங்கினீர்கள், எதற்கு ரம்பம் எடுத்தீர்கள் என்று நான் சண்டைக்குப் போனேன். நீயாகக் கேட்பாய் என்று பார்த்தேன், கேட்கவில்லை, ரம்பத்தை எடுத்தாலாவது கேட்பாய் என்று பார்த்தேன், அப்போதும் கேட்கவில்லை என்றார். இத்தனை நாள் நான் அவரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன், அவர் என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் இரண்டு பேரையும் டாக்டர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் இன்னொரு தடவை ஏறி இறங்கியது. அது நின்றதும் கேட்டார்.

"நீ அறையை எடுத்துக்க நினைச்சிருக்கேன்னா, அவ வரமாட்டாளா?"

 பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளையே கேளுங்கள் என்றேன். அவர் சரி என்றார். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும் வரை வேறு எதையோ பேசிக்கொண்டு வந்தோம், வழியில் என் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யக் கொடுத்தோம். கடைக்காரர் எப்படி உடைந்தது என்று கேட்டதற்கு, வீட்டு ஞாபகத்தில் நடந்துவிட்டாள் என்றார் உன் அப்பா.

மறுநாள் காலையில் நடக்கப் போகவில்லை. மாடிக்குப் போய்ப் பழைய டேப்பை எல்லாம் உரித்துவிட்டு முதலிலிருந்து ஒட்டினார், இந்தத் தடவை சரியாக. நான் டீயோடு போனபோது முடித்திருந்தார். லிஃப்டை ஒட்டிய குட்டி அறைக்குள் எங்கள் இரண்டு பேர் படுக்கைக்கும் இடம் குறித்திருந்தார். நான் போடும் குறட்டைக்கு லிஃப்ட்தான் விழித்துக்கொள்ளும் என்றார், அவர் போடும் குறட்டையைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. தோட்டத்துப் பக்கத்துப் பெரிய அறைக்கு நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அது எனக்கு. சுவரெல்லாம் நம் பழைய மேடைத்திரையைத் தொங்கவிட்டால் எதிரொலி வராது என்றார், அந்தக் கனத்த திரையை எந்தப் பெட்டியில் வைத்தோம் என்றுதான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.  உன் மடக்குக் கட்டில் எந்தக் கோட்டுக்குள்ளும் இல்லை, மாடிப்படி ஓரத்தில் மடித்துச் சாய்த்து வைத்திருந்தார். இதை எங்கே போடுவது என்று கேட்டேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் ஒட்ட வேண்டும் என்றார். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது கேட்டாரா, இல்லை. உங்கள் ஊர் வெயில் எப்படி, மாப்பிள்ளையின் பல்வலி எப்படி என்று அதையே சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். நீயும் பல்வலியைப் பற்றியே விலாவாரியாகச் சொன்னாய். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தால் நான் என்ன செய்வது.

மறந்துபோனவர்களுக்குத்தான் நான் வசனம் எடுத்துக்கொடுத்திருக்கிறேன். நீ மறக்கவில்லை, சொல்லப் பயப்படுகிறாய். அதற்கு எடுத்துக்கொடுக்க முடியாது, நீதான் சொல்ல வேண்டும். எனக்கு வருத்தமில்லை என்று நினைத்துவிடாதே. நீ சொன்ன அன்று இந்த அலமாரிக்குள் உட்கார்ந்து, உன் பழைய ஸ்வெட்டர் தொங்கும் மூலையில் முகத்தை வைத்து அழுதேன், மைக்கை அணைக்க மறந்துவிட்டேன், நாலாம் வகுப்புப் பாடத்தின் நடுவில் என் அழுகை பதிவாகிவிட்டது. அதை அழித்துவிட்டு மறுபடி படித்தேன். இப்போது பரவாயில்லை. உன் அப்பாவுக்கும் பரவாயில்லை என்று ஆகும். எவ்வளவு அழகான செட்டாக இருந்தாலும் நாடகம் முடிந்ததும் ஆணி ஆணியாகக் கழற்றி வண்டியில் ஏற்றியவர் அவர், அதற்காக ஒருநாளும் முகம் வாடியதில்லை. நாடகம் உண்டா இல்லையா என்று சொல்லாமல் செட்டை மட்டும் போடச் சொன்னால்தான் அவரால் தாங்க முடியாது.

நீங்கள் பார்க்கும் வீட்டைப் பற்றி ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். பகலில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய்ப் பார், சுவரில் காதை வைத்துக் கேள், வெட்கப்படாதே. கதவுகள் எந்தப் பக்கம் திறக்கின்றன என்று திறந்து பார், இரண்டு கதவு ஒன்றோடொன்று இடித்தால் ஆயுசுக்கும் சண்டை. ஜன்னல் பெரிதாக இருக்கிறதே என்று மயங்காதே, அத்தனையையும் நீதான் துடைக்க வேண்டும், மாப்பிள்ளை துடைப்பார் என்று நீ நினைத்தால் உன் இஷ்டம். வாசலில் நின்று வலது எது, இடது எது என்று எழுதி வைத்துக்கொள். அளப்பதை மாப்பிள்ளையிடம் கொடு, நம் குடும்பத்தில் யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம். உன் பழைய பள்ளிக்கூடப் பெட்டியில் இருந்த சாமான்களில் உனக்கு எது வேண்டும் என்று எழுது, நீ பொறுக்கிச் சேர்த்த கூழாங்கல்லை எல்லாம் மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நாளை வேறு வண்டிக்காரர் ஒருவர் வருகிறார், உன் அப்பாவைக் கடைக்கு அனுப்பிவிட்டுப் பேசப் போகிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் வாங்கும் வீட்டில் நோய்நொடி இல்லாமல், மனம் விட்டுச் சிரித்துக்கொண்டு, ரொம்ப நாள் நன்றாக இருக்க வேண்டும். அதைச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை, முழு மனதோடுதான் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. நான் வீட்டில் இருக்க மாட்டேன், சித்தப்பா வீட்டுக்குப் போய்விடுவேன், போன் அடித்த உடனே உன் அப்பா எடுத்துவிடுவார். பார்க்கலாம் என்று மட்டும் சொல்லாதே. குடியிருக்க வரமாட்டோம் அப்பா என்று நேராகச் சொல்லிவிடு. சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடாதே, அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார், இருக்கட்டும், நீ காத்துக்கொண்டிரு. அப்புறம் அவர் கட்டிலை என்ன செய்வது என்று கேட்பார். வேண்டாம், கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடாதே. வந்து போகும்போது படுக்க வேண்டும், எங்கேயாவது இடம் பாருங்கள் அப்பா என்று சொல். அந்தச் சின்ன வீட்டில் அதற்கு இடம் கிடையாது, எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தேடட்டும், மாடியில் இன்னும் டேப் மிச்சம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா